லைனில் மூணாவது ஆள்

கறுப்புத் திரையில் இரண்டு வரி வர வேண்டிய இடத்தில் மூன்று வரி வந்து நின்றது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதே கட்டளையை மறுபடி தட்டினான். மறுபடியும் மூன்று.

அவன் நெட்வொர்க் என்ஜினியர். ஊரார் இணைப்பையெல்லாம் சரிசெய்தவன் வீட்டிலேயே வைஃபை சுவர் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்ததால், கரண்ட் ஒயர் வழியாகவே இன்டர்நெட்டைக் கொண்டுபோகும் பெட்டி இரண்டை வாங்கியிருந்தான். ஒன்று ஹாலில் மோடம் பக்கத்து பிளக்கில், இன்னொன்று அவன் அறை பிளக்கில். கட்டளையைத் தட்டினால், லைனில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி, எழுத்தும் எண்ணுமாக அதன் முகவரி வரும். பெட்டி இரண்டு, முகவரி மூன்று என்றால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள்.

வேறு நாளாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பான். இன்று பதினோரு மணிக்கு வீடியோவில் பேசப்போகிறவர் பெரிய இடம். லைனோ காலையிலிருந்து திக்கித் திணறிக்கொண்டிருந்தது. நடுவில் அறுந்தால் வேலை போச்சு.

சட்டைக்கு இஸ்திரி போட்டு, டை கட்டி, கண்ணாடி முன் நின்று தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியும் பார்த்துவிட்டான். ஆபீஸ் மீட்டிங்குக்கு எதற்கு மாப்பிள்ளைக் கோலம் என்று மனைவி கேட்டதற்கு, புது மேனேஜர் வருகிறார் என்று சொல்லி வாயை அடைத்தாயிற்று. அவள் சிரித்துக்கொண்டே துணி மடிக்கப் பின்னறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளாகக் காலை முழுக்க அவளுக்குத் துணி மடிக்கிற வேலைதான். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் மடிக்க அத்தனை துணி ஏது என்று இவன் யோசித்ததே இல்லை.

சந்தேகம் நேரே மாடிக்கு ஏறியது. அங்கே குடியிருக்கும் டியூஷன் சார், ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூட விடமாட்டார் என்பது இவன் கணிப்பு. போய்க் கேட்டால் சண்டை வரும். கேட்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது.

அறை வாசலிலேயே மெயின் போர்டு. மாடி உட்பட வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் கரண்டை நிறுத்தி நிறுத்திக் கட்டளையைத் தட்ட வேண்டியது. எங்கே நிறுத்தும்போது ஒரு முகவரி குறைகிறதோ, அங்கேதான் திருடன்.

மாடியை நிறுத்தினான். "ஏங்க, உங்க வீட்லயும் கரண்ட் இல்லையா?" என்று மேலேயிருந்து டியூஷன் சார் குரல் கொடுத்தார். இவன் காதில் விழாதவன்போல ஓடிவந்து தட்டிப் பார்த்தால் மூன்று. மாடிக்குக் கரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனசுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

சமையலறையை நிறுத்தினான். அப்போதும் மூன்று. போர்டுக்கும் மேசைக்குமாக அலைந்ததில் இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பின்னறையில் என்ன இருந்துவிடப் போகிறது, பழைய பீரோவும் துணியும்தானே? இருந்தாலும் அதையும்தான் பார்த்துவிடுவோம் என்று அந்த சுவிட்சையும் கீழே தள்ளினான்.

இரண்டு.

"சாரி சார், லைன் கட்டாயிடுச்சு. இதோ வந்துடறேன்." பின்னறையிலிருந்து மனைவி போனில் பேசுவது கேட்டது. வீட்டில் அவன் கேட்டே இராத பணிவான குரல்.

யார் அந்த சார்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வராத எண்ணமெல்லாம் பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வந்துவிட்டது. கதவைத் தள்ளினான்.

மடித்த துணி ஒன்றைக்கூடக் காணோம். இஸ்திரி மேசைமேல் லேப்டாப், அவள் தலையில் ஹெட்போன். பீரோ ஓரத்து பிளக்கில், அவன் வாங்கிய அதே ரகத்தில் ஒரு பெட்டி. அவனைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அந்த சார் மேனேஜர் என்றாள். தெரிந்தால் அவன் மனசு கஷ்டப்படுமே என்றுதான் சொல்லவில்லையாம். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நான் உனக்கு என்ன குறை வெச்சேன்? காலையில உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ் ஆபீஸ்னு மாடா உழைக்கிறேன், யாருக்காக? நீ பாட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாம வேலைக்குச் சேர்ந்திருக்கே. எந்த ஆபீஸ்?"

அவள் பக்கத்தில் வந்து, ஓடிய ஓட்டத்தில் கோணிப்போயிருந்த அவன் டையை நேராக்கிவிட்டாள்.

"நேரமாச்சு, போய்ப் பேசுங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் நான் லைனுக்கு வரல."

"எந்த ஆபீஸ்னு கேட்டேன்."

"உங்க பழைய ஆபீஸ்தாங்க."