அரை சுருதி

ராயபுரத்து ராக் கிட்டார்காரர் ரெமிஜியஸ் அடுத்த இருபது வருடங்களில் எழுதப்போகும் பாடல்களை எல்லாம் அவருடைய இசைத்தட்டுக் கம்பெனி கம்ப்யூட்டரில் இப்போதே கணித்து வெளியிட்டுவிட்டது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதிதாக எதை வாசித்தாலும், கம்பெனி சுவரில் மாட்டிவிட்டுப் போன கருவி, "இது உங்க ஐம்பத்தெட்டாவது வயசுப் பாட்டு சார்" என்று வாயை அடைத்துவிடும்.

கல்யாணமானதிலிருந்து அவர் கிட்டார் கம்பிகளை அரை சுருதி இறக்கித்தான் வைத்திருந்தார். மேடையில் கூடப் பாடும் மனைவி செலினுக்கு அதற்கு மேல் குரல் ஏறாது. மற்ற கிட்டார்காரர்கள் கிண்டலடித்தும் அவர் மாற்றியதில்லை.

இன்று காலை, வருங்காலப் பாடல்களை வயதுவாரியாகப் போட்டு, கூடவே வாசித்துப் பார்த்தார். ஐம்பத்திரண்டாம் வயதுப் பாட்டுகள் எல்லாம் அவர் இறக்கி வைத்த கம்பிகளோடு ஒத்துப்போயின. ஐம்பத்து மூன்றாம் வயதின் முதல் பாட்டு அரை சுருதி மேலே இருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

அடுத்த மாதம் அவருக்கு ஐம்பத்து மூன்று.

எழுந்து சமையலறைக்கு ஓடினார். செலின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கைய கழுவு. டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாம்."

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்."

கூடத்தில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போலக் கூடப் பாட வாயெடுத்தாள். இரண்டாவது வரியிலேயே குரல் எட்டவில்லை. சிரித்துவிட்டாள்.

"ஏங்க, இவ்ளோ மேல ஏத்திட்டீங்களே. இதுல நான் பாடலியா?"