செவ்வாய்க்கிழமை அலாரம்

"கதவை நீதான் சரியாப் பூட்டேல்லை..."

"பூட்டினனான் எண்டு எத்தினை தரம் சொல்..."

"பொறு, நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை!"

"நீங்கள் எப்ப முடிச்சனீங்கள்? முப்பத்திரண்டு வருசமாக் கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறியள்!"

சிவானந்தன் கையிலிருந்த கடிதத்தை மேசையில் ஓங்கி அடித்தார். யோகாம்பாள் அசையவில்லை. நாளைக்கு என்று உழுந்து அரைத்துக்கொண்டே, மிக்ஸி இரைச்சலுக்கு மேலால் கணவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒஸ்லோ புறநகர் ஹொல்ம்லியாவில் அவர்களுடைய வரிசை வீடுகளின் நிர்வாகக் குழு அனுப்பிய கடிதம் அது. தலைவி சோஃபி, பக்கத்து வீட்டுக்காரி, கையெழுத்திட்டிருந்தாள். 'உங்கள் திருட்டு அலாரம் இரண்டு மாதத்தில் மூன்று தரம் காரணமில்லாமல் அலறியிருக்கிறது. குடியிருப்பு விதிப்படி, நாலாவது தரமும் அப்படி அலறினால் அதைக் கழற்றிவிட வேண்டும்.'

"கழட்டினால் அபிஷான்ர நகை? இருபத்தெட்டுப் பவுண்! எங்கட சனத்தின்ர வீட்டில தங்கம் கிடக்குமெண்டு ஒஸ்லோவில இருக்கிற கள்ளர் எல்லாருக்கும் தெரியும்."

"அதுக்குத்தானே குரக்கன்மா வாளிக்குள்ள தாட்டு வைச்சிருக்கிறன். கத்தாதேங்கோ, சோஃபிக்குக் கேக்கப்போகுது."

"அவளுக்குத் தமிழ் விளங்குமே!"

அபிஷா ஒரே மகள். ஸ்தவாங்கர் நகரில் எஞ்சினியர். அவளுடைய கலியாணத்துக்கென்று சேர்த்த நகை அது. கலியாணத்தைப் பற்றிக் கேட்டால் அவள் "பாப்பம்" என்பாள். நகையும் பத்து வருடமாக அந்தக் கேழ்வரகு மாவுக்குள் கிடந்தது.

"முதல்தரம் அபிஷான்ர பிறந்தநாள் பலூன் மிதந்து போய் அலாரத்தின்ர கண்ணில பட்டது. அது சரி. மற்ற ரெண்டு தரமும் என்ன, பேயோ? எல்லாம் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி. நான் வேலையில, நீ கோயிலுக்குப் போற நேரம். ஒவ்வொரு தரமும் அலாரக் கொம்பனியிலயிருந்து ஓடி வாற காவல்காரன் ஆர்?"

"ஜெனுசன்."

"பேரையும் பாடமாக்கி வைச்சிருக்கிறாய்!"

"சட்டையில எழுதிக் கிடக்கு. கோயிலுக்குப் போன நான் பாதிவழியில திரும்பி ஓடி வாறன், எனக்கெல்லோ கரைச்சல்! அவன் நல்ல பெடியன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வருவான்."

"காவல்காரனுக்கு என்னத்துக்குச் சப்பாத்துக் கழட்டுற வேலை? நடக்கிற சத்தம் கேக்கக்கூடாது, அதுக்கு! கொம்பனியிட்ட எங்கட வீட்டுத் திறப்பும் கிடக்கு. அவனே திறந்து அலாரத்தை அடிக்கப் பண்ணுறான். நாலாவது தரத்தோட அலாரம் போயிடும். அஞ்சாவது தரம் சத்தமில்லாமல் வருவான், குரக்கன்மாவுக்கு!"

"பொலிசில சேர்ந்திருக்க வேண்டிய மனுசன். அநியாயமா பஸ் ஓட்டுது."

மறுநாள் செவ்வாய். சிவானந்தன் சுகமில்லை என்று வேலைக்கு அறிவித்தார். சீருடையோடு வாசலால் புறப்பட்டு, யோகாம்பாள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பின்பக்கத்தால் உள்ளே வந்தார். சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் மட்டும் அலாரத்தின் கண் எட்டாது. இரண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவே குந்தினார். மடியில் குரக்கன்மா வாளி. கையில் அபிஷா ஒரேயொரு நாள் பாவித்த பனிச்சறுக்குத் தடி.

பத்தரைக்கு யோகாம்பாள் அலாரத்தைப் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

சரியாகப் பதினொரு மணிக்கு வாசல் கதவில் திறப்பு திரும்பியது.

'திறப்பு! நான் சொன்னனானெல்லோ!'

இரகசிய எண்ணைக் கேட்டு அலாரம் பீப் பீப் என்றது. யாரும் அழுத்தவில்லை. பிறகு வீடே அதிர அலறத் தொடங்கியது. சிவானந்தன் தடியை இறுக்கிப் பிடித்தார். இப்போது பாயக்கூடாது. கள்ளன் சாமான் அறைக் கதவில் கை வைக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

மூன்று நிமிடத்தில் அலறல் தானாக ஓய்ந்தது. காலடிகள் சமையலறைக்குள் வந்தன. கதவருகே வந்து நின்றன. சிவானந்தன் மூச்சைப் பிடித்தார்.

குழாயில் தண்ணீர் விழுந்தது. கேத்தில் இரைந்தது. தாச்சியில் எண்ணெய் சடசடத்தது.

'கள்ளன் தேத்தண்ணி ஊத்துறானோ? வடையும் சுடுறானோ?'

அழைப்புமணி அடித்தது. கள்ளனுக்கு விருந்தாளியா என்று சிவானந்தன் திகைத்தார். வாசல் கதவு திறந்தது. இரண்டு சப்பாத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்தன.

"என்ன அன்ரி, திரும்பவுமோ?" என்றது ஓர் ஆண்குரல்.

பதில் சொன்னது யோகாம்பாளின் குரல்:

"இருங்கோ தம்பி, வடை சூடாக் கிடக்கு. இது நாலாவது தரம், இனி அலாரத்தைக் கழட்டிப்போடுவினம், உங்களைக் கூப்பிட எனக்கு வேற வழியில்லை. அதால இண்டைக்கே சொல்லுங்கோ, உங்கட சாதகம் வீட்டில கிடக்கோ?"