தொண்ணூற்றெட்டு

“இந்த வீட்டுக்குள்ள கொரோனா வரணும்னா, மொதல்ல என் பொணத்தத் தாண்டித்தான் வரணும்!” என்று மூலக்குளத்து வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்க முழங்கினார் தெய்வசிகாமணி.

அந்த வாரமே கொரோனா வந்தது. அவரைத் தொந்தரவு செய்யாமல் ஓரமாக ஒதுங்கிப் போய், சேதராப்பட்டில் ஃபேக்டரி வேலைக்குப் போய்வந்த மகன் வினோத்குமாரையும், எட்டு மாதக் கர்ப்பிணி மருமகள் கார்குழலியையும் பிடித்துக்கொண்டது. வினோத்குமாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கார்குழலிக்கு லேசான காய்ச்சல்தான் என்பதால் பின்னறையில் தனியாக வைத்தார்கள்.

தெய்வசிகாமணி பஞ்சாலையில் தொழிற்சங்கப் பேச்சாளராக இருந்தவர். மில் மூடிப் பல வருடம் ஆகியும் குரல் மூடவில்லை.

“வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு. உள்ள இருக்கறது என் வம்சம். முழுப் பொறுப்பும் என்னுது. வேற ஒருத்தரும் கிட்ட போவக் கூடாது!”

கண்ட செய்தியையும் பார்த்துப் பயப்படுவாள் என்று கார்குழலியின் செல்போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஊரெல்லாம் தட்டுப்பாடாக இருந்த நேரத்தில், கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஆக்சிமீட்டர் வாங்கி வந்தார்.

காலையும் மாலையும் இரண்டு மாஸ்க், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, அதற்கு மேல் மழைக்கோட்டு. போர்க்களத்துக்குப் போகிறவர் மாதிரி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னறை ஜன்னலுக்குப் போவார். திரும்பி வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பார்: ‘கார்குழலி ஆக்சிஜன் 98. அனைவரும் அமைதி காக்கவும்.’

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வினோத்குமார் அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவான்.

சுகாதார நிலையத்து நர்ஸ் போனில் கேட்டபோதும் தெய்வசிகாமணி அதையே சொன்னார்.

“அப்ப வீட்லயே இருக்கட்டும் ஐயா. ஆனா மாசமா இருக்கறவங்களுக்குத் திடீர்னு எறங்கிடும். தொண்ணூத்திநாலுக்குக் கீழ வந்தா உடனே கூப்புடுங்க.”

“என் பார்வையில இருக்கற வரைக்கும் எறங்காதும்மா.”

ஒரு நாள் காலை அவர் மனைவி செல்வாம்பாள் கஞ்சியைப் பின்னறைக் கதவோரம் வைத்துக் குரல் கொடுத்துவிட்டு வந்தாள். முகம் சரியில்லை.

“ஏங்க, அவளால பேச முடியல. ‘கஞ்சி வேணாம் அத்த’ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மூணு வாட்டி மூச்சு வாங்கறா.”

“எட்டு மாசம். புள்ள மேல முட்டுது. மூச்சு வாங்காம, பின்ன பாட்டா பாடுவா?”

“நானும் பெத்தவதான். இது அந்த மூச்சு இல்ல.”

“நீ எங்க டாக்டருக்குப் படிச்ச? இப்பதான் பார்த்துட்டு வந்தேன். தொண்ணூத்தெட்டு! இந்தத் தெருவுலயே எவனுக்கும் இருக்காது.”

“புள்ள காலைலேந்து சரியா அசையலன்றா.”

தெய்வசிகாமணி ஒரு கணம் தடுமாறினார். பிறகு மேடைக்குரலை எடுத்தார். “மனுசன் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லுமா?”

“அப்ப அந்த மெஷினோடயே குடும்பம் நடத்துங்க” என்ற செல்வாம்பாள், 108-க்குப் போன் போட்டாள்.

ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் செந்தமிழ்ச்செல்வி, கார்குழலியைக் கைத்தாங்கலாக ஏற்றி, தன்னிடமிருந்த கருவியை அவள் விரலில் மாட்டினாள்.

“எண்பத்தாறு! யாருங்க இவ்ளோ நேரம் வீட்ல வெச்சிருந்தது?”

தெருவே பார்த்தது. “எங்க மெஷின்ல தொண்ணூத்தெட்டு...” என்று ஆரம்பித்தவரின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது.

அன்றே அறுவை சிகிச்சை. நாள் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. எடை ஒன்றரைக் கிலோ. குழந்தைக்குக் கொரோனா இல்லை. ஆனால் இன்குபேட்டரில் வைக்க வேண்டியிருந்தது. பெற்றவளோ ஆக்சிஜனில் கிடந்தாள். இரண்டு உயிரும் தங்குமா என்று தெரியாத அந்த நாட்களில் தெய்வசிகாமணி வாயே திறக்கவில்லை. செல்வாம்பாள் அவரிடம் பேசவும் இல்லை.

இரண்டு பேரும் தேறினார்கள். கூடவே அவர் குரலும் தேறியது.

“போலி மெஷின வித்துட்டான் அந்த மெடிக்கல்காரன்! ரெண்டு உசுரோட வெளையாடியிருக்கான். உட மாட்டேன். கோர்ட்டுக்கு இழுப்பேன்!”

கார்குழலி சாதாரண வார்டுக்கு மாற்றப்பட்ட அன்று, ஆக்சிமீட்டரைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வந்தார். செல்வாம்பாளும், குணமாகி வந்துவிட்ட வினோத்குமாரும் கட்டிலருகே இருந்தார்கள்.

“சிஸ்டர், இத நீங்களே மாட்டிப் பாருங்க. எல்லாரும் சாட்சி!”

நர்ஸ் அதைக் கார்குழலியின் ஒரு விரலிலும், ஆஸ்பத்திரிக் கருவியை இன்னொரு விரலிலும் மாட்டினாள். இரண்டிலும் தொண்ணூற்றேழு.

“நல்லாத்தான ஐயா இருக்கு?”

“அப்ப... அன்னிக்கு...” என்று தெய்வசிகாமணி இழுத்தார்.

கார்குழலி விரலை முகத்தருகே கொண்டுவந்து அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நம்ம வீட்லயும் இது இருந்துதா மாமா?”

உள்ளே கொடுத்தால் திருப்பி வாங்க வேண்டியிருக்குமே என்று பயந்து, தெய்வசிகாமணி தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று அதைத் தன் விரலில்தான் மாட்டிப் பார்த்திருந்தார்.