இன்ஜின் நிறுத்தும் வீதி

"ஏனப்பா சாமுவேல், பார்சலைச் சீக்கிரம் கொண்டுபோய்க் குடுக்கத்தானே மொபெட் வாங்கிக் குடுத்தேன்? அஞ்சாவது வீதியில மட்டும் இன்ஜினை நிறுத்திப்போட்டு பெடலை மிதிச்சுட்டுப் போறே. என்ற கண்ணால பார்த்தேன். பெட்ரோலை மிச்சம் புடிச்சு விக்கறயா?"

கூரியர் ஆபீஸ் முதலாளி பாலுசாமி போட்ட சத்தத்தில் யாரும் தலை நிமிரவில்லை. சேர்ந்து ஒரு மாதமே ஆன சாமுவேலுக்கு இன்றோடு வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஆண்டவர் மேல ஆணையா இல்லீங்க. அங்க ஒரு புள்ளைக்கு இளைப்புங்க. ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கும். மொத நாள் என்ற வண்டிப் பொகை பட்டு இருமித் தவிச்சுப்போச்சுங்க. அதுல இருந்து வீதி முக்குலயே நிறுத்திருவேனுங்க."

"எந்த ஊடு?"

"பச்சை கேட்டுங்க. மாடிப்படிகிட்ட நித்தியமல்லி படர்ந்திருக்கும்."

பாலுசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தினமும் காலையில் மகளின் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அவர் தன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புகிறார்.

பிறகு எழுந்து வந்து சாமுவேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி நானும் முக்கு வரைக்கும் வண்டியைத் தள்ளிட்டே வாரேன். நாளைக்கு நீங்க எங்க ஊட்டுக்குள்ள வந்து, ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போங்க."