எதிர்ப்பக்கத்துத் துளி

ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், இதற்கு மேல் குளிர முடியாது என்னும் அளவுக்குக் குளிர்ந்துபோன காந்த அணுக்கள் சில ஆயிரம் இருந்தன. அவை இரண்டு துளிகளாகத் திரண்டு, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு நின்றன. கட்டியாக நிற்கவும் வேண்டும், தண்ணீராக ஓடவும் வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? அங்கே நடந்தது. துளிகள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை; உள்ளே இருந்த அணுக்களோ உரசலே இல்லாமல் இந்தத் துளிக்கும் அந்தத் துளிக்கும் வழுக்கிப் போய்வந்தன.

இடது துளியில் முன்னன் என்றோர் அணு. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு பின்னன். காந்தங்கள் அல்லவா, ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் ஒட்டும். அக்கம்பக்கமாக நின்றால் தள்ளிக்கொள்ளும்.

"அந்த வலது துளிக்காரங்களைப் பாருடா," என்றது முன்னன். "எவ்வளவு நெரிசல்! ஒருத்தனுக்கும் ஒழுங்கா நிக்கத் தெரியலை. நம்ம பக்கம் மாதிரி வருமா?"

"அதானே, அண்ணே," என்றது பின்னன்.

பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டும் வழுக்கி வலது துளிக்கே வந்துவிட்டன. முன்னன் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை.

"அந்த இடது துளிக்காரங்களைப் பாருடா. எவ்வளவு நெரிசல்!"

வழக்கம்போல் "அதானே" சொல்ல வாயெடுத்த பின்னன் குழம்பிப்போனது. "அண்ணே, இப்பத்தானே நாம அங்கேருந்து வந்தோம்? மோசமான பக்கம்னு நீங்க சொல்றது எதை?"

முன்னன் விழுந்து விழுந்து சிரித்தது. "இதுகூடத் தெரியாதா? நாம இல்லாத பக்கம்தான்டா!"