விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

போன வருஷத்துப் பீர்க்கங்காய் நாரால் அவள் சட்டி தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கணவர் தோட்டத்திலிருந்து கத்தரிக்கோலும் முழங்கை நீளப் பீர்க்கங்காயுமாக வருகிறார். "உன் கண்ணுக்கே தப்பிச்சிருச்சு பாரு!" ஈரக் கையால் அமுக்கிப் பார்க்கிறாள். சமைக்க முடியாத அளவுக்கு முத்தல். விதைக்கு ஆகாத அளவுக்கு இளசு. "விதைக்கு விட்டதுங்க. சிவப்பு நூல் கட்டியிருந்தேனே, பாக்கலையா?" "பாத்தேனே. அத அவுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு." சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து நீட்டுகிறார். அவள் வெளியே போகிறாள், பின்னாலேயே அவரும். மழை மேகத்தில் தோட்டம் மங்கியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் கொடி அழுகிவிடும். உச்சியில், பூ உதிராத ஒரு பிஞ்சு மட்டும் மிச்சம். அதன் காம்பில் அதே நூலைக் கட்டிவிட்டுக் கையை நீட்டுகிறாள். பீர்க்கங்காயைக் கொடுக்கிறார். "அது இல்லீங்க. கத்தரிக்கோல்."