முதல் வரி

ஜெயசீலன் வீட்டுக்குப் புது ஸ்பீக்கர் வந்தது. அலமாரியிலிருந்த இசைத்தட்டு அதனிடம் ஆசையாகப் பேச்சுக் கொடுத்தது.

"என் கடைசிப் பாட்டுதான் ரொம்ப நல்ல பாட்டு. இந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை."

"ஏன், இவர் கேட்கமாட்டாரா?"

"முதல் வரியைப் போடுவார். உடனே எழுந்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்துவார், ஒயரை மாற்றுவார். மறுபடியும் முதல் வரி."

அன்றும் அப்படித்தான் நடந்தது. ஆனால் நடுவில் கூரியர்காரர் மணியடிக்க, ஜெயசீலன் அணைக்க மறந்து வாசலுக்கு ஓடினார்; வந்த ஒயர் பார்சலை அங்கேயே உட்கார்ந்து நிதானமாகப் பிரிக்க ஆரம்பித்தார். தட்டு அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. ஆளில்லாத அறையில் கடைசிப் பாட்டு வரை பாடித் தீர்த்தது.

"எப்படி இருந்தது?" என்று ஸ்பீக்கரிடம் கேட்டது.

"எனக்கு பேஸ் சத்தம் கொஞ்சம் தூக்கலோ?" என்றது ஸ்பீக்கர்.

ஜெயசீலன் புது ஒயரோடு வந்து மாட்டினார். முள்ளை எடுத்து மறுபடியும் முதல் வரியில் வைத்தார். தேய்ந்துபோயிருந்த அந்த இடம் கரகரத்தது.

"ச்சே, இந்த ஸ்பீக்கரும் சரியில்லை."

ஸ்பீக்கர் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் போனது. தட்டு உறைக்குள் போனது. அடுத்த ஸ்பீக்கர் வரும்வரை அதற்குப் பேச்சுத்துணைக்கு யாருமில்லை.